எட்டு அணைக்கட்டுக்கு எந்தத் தளம்: வேர்ட்பிரஸா, மேக்கும் செட்டுமா?

கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன இணையதளம் செய்தேன். இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன்.

இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது; அதில் தொடங்குவது சுலபம். ஆனால் எட்டுப் பக்கத்துக்கு ஒரு டேட்டாபேஸ், பி.எச்.பி. என்ற நிரல்மொழி, ஓயாத அப்டேட்கள். இது எனக்கு அதிகம்.

அப்புறம் யூனிக்ஸ் வழி: சின்னச் சின்னக் கட்டளைகளைச் சேர்த்து வேலையை முடிப்பது. தலைப்பகுதி ஒரு கோப்பு, அடிப்பகுதி ஒரு கோப்பு, நடுவில் அணைக்கட்டின் கதை. மூன்றையும் 'கேட்' (cat) என்ற கட்டளை ஒட்டித் தரும். 1976-இல் பெல் லேப்ஸில் பிறந்த 'மேக்' (make) என்ற கட்டளை, கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, மாறிய பக்கத்தை மட்டும் மறுபடி கட்டும். மருதூர்ப் பக்கத்தைத் திருத்தினால் மற்ற ஏழும் அப்படியே இருக்கும். தலைப்பகுதியைத் தொட்டால் எட்டும் புதிதாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கோப்புகளில் சொல்லைத் தேடி மாற்றித் தரும் 'செட்' (sed). சில இடங்களில் 'தாமிரவருணி' என்று எழுதியிருந்தேன். ஒரே வரியில் எல்லாம் 'தாமிரபரணி' ஆயின. இரண்டும் 'ணி'யில் முடிவதால் 'தாமிரவருணியில்', 'தாமிரவருணிக்கு' எல்லாம் வேற்றுமை உருபு கெடாமல் மாறின. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்!

"அண்ணாச்சி, நான் போன்லயே போட்டோ ஏத்தணும்" என்று கேட்பவருக்கு வேர்ட்பிரஸ்தான் சரி. தானே எழுதி, தானே வைத்துக்கொள்கிறவர் மேக் பக்கம் வரலாம். மொத்தத் தளத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.