இசட்ஸ்னெஸ்ஸா, ஸ்னெஸ்நைன்எக்ஸா?

திருகோணமலையில் பழைய கொம்பியூட்டரைத் தூசு தட்டி எடுக்கும் தம்பிமார் வழமையாகக் கேட்பது இதைத்தான்: சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய கன்சோலின் கேம் விளையாட எந்த எமுலேட்டர் (கொம்பியூட்டரைக் கன்சோல் போல நடிக்க வைக்கும் மென்பொருள்) திறம்? பென்டியம் என்ற பழைய இன்டெல் செயலி உள்ள பெட்டி என்றால் இசட்ஸ்னெஸ். மற்றது எதுவானாலும் ஸ்னெஸ்நைன்எக்ஸ்.

அந்தக் கன்சோலின் செயலி உச்சத்தில் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். பிறகென்ன பாரம் என்று கேட்கலாம். அதன் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, இன்னதென்று பார்த்து, கொம்பியூட்டரின் பல கட்டளைகளால் செய்து காட்ட வேண்டும். படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சிப்புகள் வேறு. அவற்றையும் கொம்பியூட்டரின் அதே செயலிதான் சுமக்க வேண்டும்.

1997இல் வந்த இசட்ஸ்னெஸ்ஸின் பெரும்பகுதி இன்டெல் வகைச் செயலிக்கென்றே அசெம்பிளியில், அதாவது அந்தச் செயலியின் சொந்தக் கட்டளைகளிலேயே, கையால் எழுதப்பட்டது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை நினைவகத்துக்கு அனுப்பாமல், செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்ளும். படத்தைப் புள்ளி புள்ளியாக இல்லாமல் வரி வரியாக வரையும். சிலதைச் செய்யாமலே விட்டுவிடும். உண்மையான கன்சோலில் எதிரொலிக்கான தரவு ஒலி நினைவகத்துக்குள்ளேயே எழுதப்படும். இசட்ஸ்னெஸ் அப்படி எழுதாது. இசட்ஸ்னெஸ்ஸை மட்டும் நம்பி ரசிகர்கள் மாற்றியமைத்த சில மரியோ கேம்கள் அசல் கன்சோலில் முடங்கிப்போனது இதனால்தான். கெட்டித்தனமான ஏய்ப்புத்தான், ஆனாலும் ஏய்ப்பு ஏய்ப்புத்தானே!

ஸ்னெஸ்நைன்எக்ஸ் பெரும்பாலும் எழுதப்பட்டது, ஒரே செயலியோடு கட்டுப்படாத சி++ மொழியில். அதே பெட்டியில் அன்று அது மெதுவாகத்தான் ஓடியது. ஃப்ரேம் ஸ்கிப் போட்டால் சமாளிக்கலாம்: ஒரு படம் விட்டு ஒரு படம் வரையும், மரியோ பள்ளத்தைத் தாண்டும்போது விட்டுவிட்டுத் தெரிவார், கேமின் வேகம் மட்டும் குறையாது. ஆனால் இன்று பெடியள் விளையாடுவது ஃபோனில். அதற்குள் இருப்பது ஆர்ம் செயலி. இன்டெல்லுக்கென்று எழுதிய அசெம்பிளி அங்கே செல்லாக்காசு. சி++ஐ மறுபடி கம்பைல் செய்தால், அதாவது புதுச் செயலியின் கட்டளைகளாக மாற்றினால், போதும்.

1999இல் வந்த அல்ட்ராஎச்எல்ஈ என்ற எமுலேட்டர் பிடித்தது இன்னொரு வழி. சூப்பர் நின்டெண்டோவுக்குப் பிந்திய கன்சோலான நின்டெண்டோ 64இன் படச் சிப்பை அது அடியிலிருந்து நடித்துக் காட்டவில்லை. கேம் கொடுக்கும் வரைதல் பட்டியலைப் பிடித்து, நேரே வூடூ என்ற அந்தக் கால கிராஃபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிட்டது. சூப்பர் மரியோ 64 அபாரமாக ஓடியது. ஓடிய கேம்கள்தான் கொஞ்சம், வூடூ கார்டு இல்லாதவருக்கு அதுவுமில்லை. இப்போது அதைத் தேடி அலைய வேண்டாம்.