வீடு விற்றதற்கு வரி நோட்டீஸ்: கேட்டதைக் கட்டுவதா, மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்வதா?

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டை விற்றுவிட்டுப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ குடிபோகிறவர்களுக்கு ஒரு நோட்டீஸ் வரக்கூடும். விற்றது 40 லட்சத்துக்கு, முத்திரைத்தீர்வைக்கு எடுத்த மதிப்பு 52 லட்சம், இந்த 12 லட்சத்துக்கு ஏன் வரி கட்டவில்லை என்று கேட்டிருப்பார்கள். பெரிய தொகைக்குப் போகும் பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகம் வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். நோட்டீஸில் உள்ள டின் எண்ணை (DIN, ஆவண அடையாள எண்) வருமான வரி இணையதளத்தில் போட்டு அது உண்மையானதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கான சட்டம் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 50சி. முத்திரை மதிப்பு விற்ற விலையில் 110 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மதிப்பையே விலையாக எடுத்துக்கொள்வார்கள். 40 லட்சத்துக்கு வரம்பு 44 லட்சம். அதைத் தாண்டியதால் மிஞ்சிய 8 லட்சம் மட்டுமல்ல, 12 லட்சம் முழுதும் உங்கள் லாபத்தில் சேரும். 2024 ஜூலை 23-க்குப் பின் விற்ற, நெடுநாள் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதக் கணக்கில் 1,50,000, செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 1,56,000, அதற்கு மேல் மாதம் 1 சதவீத வட்டி.

ஒப்புக்கொண்டு கட்டுவது முதல் வழி. சீக்கிரம் முடியும். உத்தரவு வந்ததும் வரியையும் வட்டியையும் கெடுவுக்குள் கட்டி, மேல்முறையீடு செய்யாமல் படிவம் 68 கொடுத்தால் அபராத விலக்கும் கேட்கலாம். விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கி, அதன் விலை கூடுதல் லாபத்தையும் சேர்த்துத் தாங்குமானால், பிரிவு 54-இல் வரியே வராமல் போகலாம். அப்படிப்பட்டவர் வாதாட வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழிதான்: முத்திரை மதிப்பு சந்தை விலையை விட அதிகம், 50சி(2)-ன்படி துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு (சொத்தின் சந்தை விலையைக் கணிப்பவர், வரி போடும் அதிகாரி அல்ல) அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்பது. காரணம் ஒன்றே ஒன்று, இதில் தோற்றாலும் நட்டமில்லை. அவர் 45 லட்சம் என்றால் 5 லட்சத்துக்குத்தான் வரி, செஸ்ஸோடு 65,000. 60 லட்சம் என்றாலும் 50சி(3)-ன்படி பழைய 52 லட்சமே நிற்கும், ஒரு ரூபாய் ஏறாது. இழுபடும் மாதங்களுக்கு வட்டி ஓடும் என்பது மட்டும் கணக்கில் இருக்கட்டும். எவ்வளவு குறைப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது நீங்கள் கொடுக்கும் சான்றைப் பொறுத்தது.

கேரளத்தில் இந்த வாதத்துக்கு வலு உண்டு. அங்கே நியாயவிலை (நம் பக்கத்து வழிகாட்டி மதிப்பு போன்றது) சர்வே எண்ணையும், இடத்துக்குச் சாலை வசதி உண்டா என்ற வகைப்பாட்டையும் வைத்து நிர்ணயமாகிறது. 2023 ஏப்ரலில் மாநிலம் முழுக்க ஒரே அடியாக 20 சதவீதம் ஏற்றினார்கள். ரோட்டோரத்து மனையும், உள்ளே வண்டி போகாத மனையும் ஒரே வகையில் விழுந்திருந்தால் உள்வீட்டுக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். ஆகவே பதிலோடு பாதையின் அகலம் தெரியும் படங்கள், இடத்தின் வரைபடம், அதே காலத்தில் பக்கத்து மனைகள் கைமாறிய பத்திரங்கள், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை எல்லாம் வையுங்கள். முகமறியா மதிப்பீட்டில் (நேரில் போகாமல் இணையத்திலேயே நடக்கும் வரி விசாரணை) உங்கள் கோப்பைப் பார்ப்பவர் வட இந்தியாவிலும் இருக்கலாம். மலையாளப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அது அவருக்கு வெறும் காகிதம்.

கெட்டுப்போகும் இடங்களும் இருக்கின்றன. பத்திரத்தில் நியாயவிலையையே கிரயத் தொகையாக எழுதியிருந்தால் வாதம் அங்கேயே உடைந்துவிடும், ஏனென்றால் 52 லட்சம் வாங்கினேன் என்று கையெழுத்துப் போட்டவர் நீங்களே. முத்திரை மதிப்பை எதிர்த்து வேறு அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே மேல்முறையீடு செய்திருந்தாலும் இந்த வழி அடைபடும். பாக்கி ரொக்கமாக வந்தது என்று பதிலில் எழுதிவிடுபவர்கள் உண்டு; வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கம் வாங்கியிருந்தால் அதே தொகைக்கு அபராதம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். நியாயவிலை ஏறுவதற்கு முன்பே விலை பேசி ஒப்பந்தம் போட்டு, அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ விலையில் ஒரு பகுதி வங்கி வழியாக வந்திருந்தால், ஒப்பந்தத் தேதியின் முத்திரை மதிப்பையே கேட்கலாம். ஒப்பந்த நகலும் வங்கிப் பதிவும் இருந்தால் மதிப்பீட்டு அதிகாரி வரை போகாமலே முடிந்துவிடலாம்.

கோரிக்கையைத் தனிப் பத்தியாக, பிரிவு எண்ணோடு, இணையதளத்தின் ‘இ-புரொசீடிங்ஸ்’ பகுதியில் கெடுவுக்குள் பதிவேற்றி ஒப்புகையைச் சேமியுங்கள். 2014-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், வரி செலுத்துபவர் கேட்காவிட்டாலும் வரி அதிகாரி நியாயமாக நடந்து மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றது. கேட்டும் அனுப்பாமல் உத்தரவு போட்டால், 30 நாளுக்குள் படிவம் 35-இல் மேல்முறையீடு செய்யும்போது அந்த ஒப்புகைதான் உங்கள் முதல் ஆவணம்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு; அதற்கு முந்தைய ஆண்டுகளின் விற்பனைக்கு மேலே சொன்ன பழைய எண்களையே எழுதுங்கள்.