கடைவாயில் வெள்ளி, சிரிக்கும் இடத்தில் கம்பாசிட், ஈறோரம் சிமென்ட்: 26 வருட அனுபவம்

என் வாயில் இப்போது மூன்று பற்களில் அடைப்பு இருக்கிறது. மூன்றும் மூன்று விதமான பொருள். முதல் பல்லை 1999-ல் அடைத்தேன். "எந்த ஃபில்லிங் நல்லது?" என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வராது. எந்தப் பல், பல்லில் எந்த இடம், அடைக்கும்போது அந்த இடத்தில் எச்சில் படாமல் பார்த்துக்கொள்ள முடிந்ததா என்று திருப்பிக் கேட்பேன்.

முதலில் அந்தப் பழைய வெள்ளி அடைப்பு. கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப்பல். முறுக்கு கடிக்கும்போதெல்லாம் குழியில் துகள் போய் அடைத்துக்கொள்ளும். டாக்டர் "வெள்ளி வைத்து அடைத்துவிடலாம்" என்றார். வெள்ளி என்று நாம் சொன்னாலும் அதில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடி. இரண்டையும் கலந்தால் மாவு மாதிரி குழைவாக வரும், அதைக் குழிக்குள் வைத்து அழுத்தினால் அங்கேயே இறுகிவிடும். இது பல்லோடு ஒட்டாது. அதனால் குழியை வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை மாதிரி குடைந்து, அடைப்பு வெளியே வராமல் சிக்கவைக்க வேண்டும். அதற்காகச் சொத்தை இல்லாத பல்லையும் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

26 வருடமாக அந்தப் பல்லால்தான் கடலை மிட்டாய் கடிக்கிறேன். அடைப்பு கறுத்துவிட்டது, சுற்றியுள்ள பல்லிலும் சாம்பல் நிறம் தெரிகிறது. ஒருமுறை சாக்லேட் சுற்றியிருந்த ஜிகினாத்தாள் தெரியாமல் பல்லில் பட்டு, மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீரென்றது. இரண்டு உலோகங்கள் எச்சிலில் சேர்ந்தால் அப்படி ஆகுமாம். வேறு தொந்தரவு இல்லை.

பாதரசம் பற்றிய பயம் எனக்கும் வந்தது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தபோது பல் அடைப்பில் பாதரசத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய இதை வைக்கக்கூடாது. "என்னுடையதை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். நன்றாக இருக்கும் அடைப்பைக் குடைந்தெடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் போகும், ஓரம் உடையாதவரை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். எனக்கு அது நியாயமாகப் பட்டது. புதிதாக வைப்பதாக இருந்தால் இன்று நான் வெள்ளியைக் கேட்க மாட்டேன்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது கம்பாசிட்டில், அதாவது பல் நிறத்திலேயே வரும் ரெசின் அடைப்பில். சிரித்தால் தெரிகிற மேல் முன்கடைவாய்ப்பல். இரண்டு பற்களுக்கு நடுவில் சொத்தை. 2012-ல் ஒரு கிளினிக்கில் பஞ்சுருளை மட்டும் வைத்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பார்க்க அச்சு அசல் பல் மாதிரியே இருந்தது. நான்கு வருடத்தில் அந்த இடுக்கில் கீரை நார் சிக்க ஆரம்பித்தது. அப்புறம் ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சம். எக்ஸ்ரே எடுத்தால், அடைப்புக்கு அடியில் மறுபடியும் சொத்தை.

2016-ல் வேறொரு டாக்டர் அதையே திரும்பச் செய்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. முதலில் நிறம் பார்த்தார். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும் என்பதால் எச்சில் ஈரம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டுமாம். அடுத்து ரப்பர் டாம்: ஓட்டை போட்ட ரப்பர் தாளில் அந்தப் பல் மட்டும் வெளியே நிற்கும், எச்சில் கிட்டவே வராது. சொத்தையைச் சுரண்டிவிட்டு நீல நிற ஆசிட் ஜெல்லைத் தடவி, கொஞ்ச நேரத்தில் கழுவினார். அது எனாமலில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை உண்டாக்கும். மேலே தடவும் பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் பிடிப்பு போச்சு. என் முதல் அடைப்பு கெட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பல்லைச் சுற்றி மெல்லிய தகட்டுப் பட்டை, இடுக்கில் ஒரு சின்ன ஆப்பு. பக்கத்துப் பல்லோடு இறுக்கமாக உரசி நிற்கும்படி சுவர் எழுப்ப இது வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் கீரை நார்தான். கம்பாசிட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல வெளிச்சம் காட்டினார். இறுகும்போது இந்தப் பொருள் லேசாகச் சுருங்கும், மொத்தமாக வைத்தால் ஓரத்தில் இடைவெளி விழும், அடிவரை வெளிச்சமும் போகாது. கடைசியில் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது, காசும் இரண்டு மடங்கு. பத்து நாள் லேசான கூச்சம் இருந்து தானாகப் போய்விட்டது. அன்றிலிருந்து சிக்கல் இல்லை. காபிக் கறை ஓரத்தில் கோடாகத் தெரியும், பாலிஷ் போட்டால் போய்விடும்.

ஈறோரத்தில் இருப்பது கிளாஸ் அயனோமர், நம் ஊரில் சும்மா சிமென்ட் என்போம். 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சன், கென்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு. கண்ணாடிப் பொடியையும் அமிலத் திரவத்தையும் குழைத்து வைப்பார்கள்; பல்லின் கால்சியத்தோடு அதுவே ஒட்டிக்கொள்ளும், ஃப்ளோரைடும் கொஞ்சம் கசியும். நான் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறை ஒட்டிப் பள்ளம் விழுந்திருந்தது. ஈரத்தை முழுசாக ஒதுக்க முடியாத, கடிபடாத இடம் என்பதால் 2019-ல் டாக்டர் இதை வைத்தார். நிறம் சுண்ணாம்பு மாதிரி மங்கல்தான். மூன்று வருடத்தில் ஒருமுறை பெயர்ந்து வந்தது. கெட்டியான பிரஷ்ஷை நான் மாற்றாததுதான் காரணம். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறிய பிறகு, திரும்ப வைத்தது அப்படியே நிற்கிறது.

போன மாதப் பரிசோதனையில் வெள்ளி அடைப்பின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. எக்ஸ்ரேயில் அடியில் சொத்தை இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், பெரிதானால் கம்பாசிட்டா, இல்லை பல் முழுவதற்கும் கேப்பா என்று முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். எதுவானாலும் ரப்பர் டாம் போட்டுத்தான் செய்வீர்களா என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் எழுந்து வந்தேன்.