6,800 ரூபாய் காந்தப் பலகை: கத்தி சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கத்தி, அரிவாள் சேர்த்து வைத்துச் சுவரில் மாட்டி அழகு பார்க்க நினைப்பவர்கள் யாராக இருந்தாலும், ஆன்லைனில் "கஸ்டம் தேக்குக் காந்தப் பலகை" என்று ரீல்ஸ் போட்டு விற்கும் ஆட்களுக்கு முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பிவிடாதீர்கள். எனக்குப் போனது 6,800 ரூபாய். கூடவே என் குக்ரியின், அதாவது நேபாளத்து வளைந்த கத்தியின், முனையும் போனது. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். மரச்சாமான் செய்து சொந்த இணையதளத்தில் விற்கும் சின்னக் கடை, படங்கள் எல்லாம் பளபளவென்று இருக்கும், பேச்சு அதைவிடப் பளபளப்பாக இருக்கும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

என்னிடம் இருப்பது பெரிய சேகரிப்பு ஒன்றும் இல்லை. திருப்பாச்சேத்திக்கே போய், பட்டறையில் உட்கார்ந்து, லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்ததை வாங்கி வந்த அரிவாள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பனையேறிப் பெரியவர் கொடுத்த பாளை அரிவாள். டார்ஜிலிங்கில் வாங்கிய எருமைக்கொம்புப் பிடி போட்ட குக்ரி. அப்பாவின் ஷெஃபீல்டு பேனாக்கத்தி, ஒரு ஓபினல் மடக்குக்கத்தி, அப்புறம் சில்லறையாகச் சில. இத்தனை நாள் பெட்டியில்தான் கிடந்தன. பெட்டியில் போட்டால் ஒன்றோடு ஒன்று உரசி விளிம்பு போகும், தோலுறையிலேயே விட்டால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அலகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். ஆணி அடித்துத் தொங்கவிட எல்லாக் கத்தியிலும் ஓட்டை இருக்காது, பழைய கத்தியில் புதிதாக ஓட்டை போட யாருக்கும் மனசு வராது. அதனால்தான் காந்தம். மரப்பலகைக்குள் காந்தத்தைப் புதைத்து, மேலே மெல்லிய மரத்தோல் மட்டும் விட்டால், அலகு மரத்தில்தான் படும், கீறாது, எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி மாட்டவும் சுலபம். யோசனையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எல்லாம் விற்றவனிடம்.

எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவன் எல்லோரிடமும் இதையேதான் செய்வான். விலை கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன், உடனே வீடியோ காலில் வந்தான். பின்னால் சுவர் முழுக்கக் கத்தி. "அண்ணே, நானும் சேர்க்கிறவன்தாண்ணே" என்றான். கறிக்கடைக் கத்தி ஒன்றை எடுத்துப் பலகையில் ஒட்டி, பலகையைத் தலைகீழாகத் திருப்பி ஆட்டிக் காட்டினான், கத்தி அசையவில்லை. இதெல்லாம் வியாபார வித்தை என்று எனக்கும் தெரியும். ஆனால் அடுத்து ஒன்று கேட்டான்: "அரிவாள் முதுகு எவ்வளவு தடிமன்ணே? ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, அதுக்குத் தகுந்தாப்ல காந்தத்தை நெருக்கி வைக்கணும்." முதுகுத் தடிமன் கேட்கிறவன் கத்தி தெரிந்தவனாகத்தானே இருக்க வேண்டும்? அந்த ஒரு கேள்விக்குத்தான் 6,800 ரூபாய். பாதி இப்போது, மீதி கைக்கு வந்ததும் என்றேன். "கஸ்டம் வேலைண்ணே, முழுசா போட்டாத்தான் தேக்கு அறுக்க முடியும். என்52 நியோடிமியம், ஒவ்வொண்ணும் பத்து கிலோ தாங்கும், நான் பொறுப்பு" என்றான். நியோடிமியம் என்றால் சின்னதாக இருந்தாலும் பலமாக இழுக்கும் காந்தம், என்52 அதில் உயர்ந்த ரகம். அந்தக் குரலில் அவ்வளவு உறுதி.

வந்தது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ போட்டுச் சுவரில் மாட்டினோம். அரிவாளை வைத்தால், ஒட்டியது போல் நின்று, அப்படியே மெதுவாகக் கீழே வழுக்கியது. கையைப் பிடியிலிருந்து எடுக்கவே முடியவில்லை. சரி, அரிவாள் கனம் என்று அதை எடுத்து வைத்துவிட்டு, கடைக்கு மெசேஜ் போட்டேன். "புதுக் காந்தம்ணே, செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும், லைட்டா இருக்கிறதை மாட்டுங்க" என்று பதில். காந்தம் செட் ஆகுமாம், சிமெண்டா அது? குக்ரி நின்றது. அந்த வாரமே ஒரு ராத்திரி டங்கென்று சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தால் மொசைக் தரையில் வெள்ளையாக ஒரு பொட்டு, குக்ரியின் முனையில் ஒரு நெல்மணி அளவுக்கு இல்லை, கொம்புப் பிடியில் அலகுப் பக்கத்திலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல். பலகைக்குக் கீழே செருப்பு வைக்கும் இடம். என் மகள் காலையில் அங்கே உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவாள்.

படம் எடுத்து அனுப்பினேன். அதன் பிறகு வந்த பதில்களை அப்படியே தருகிறேன். முதலில், "வெயில் பட்டிருக்கும்ணே, சூட்டுல காந்தம் வீக் ஆகும்." சாதாரண நியோடிமியம் சக்தி இழக்க 80 டிகிரியைத் தாண்ட வேண்டும், என் ஹாலில் 80 டிகிரி வந்தால் காந்தத்துக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். அடுத்து, "உங்க அரிவாள்ல இரும்பு கம்மி போலண்ணே." லாரிப் பட்டையில் இரும்பு கம்மியாம்! அடுத்து, "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" பார்சல் உடைந்து வந்தது என்று யார் சொன்னது இப்போது? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நாலு நாள் மௌனம், அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல சார், நான் வேலைக்குத்தான் இருக்கேன்." வீடியோ காலில் "நம்ம பட்டறைண்ணே" என்ற அதே குரல். 6,800 ரூபாய் கைக்குப் போகும்வரை அண்ணே, கேட்டால் சார். கடைசியில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். மைத்துனர் போனிலிருந்து புது ஆள் போல் விலை கேட்டோம், ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது, "அண்ணே, வீடியோ கால் வரட்டுமா?"

கோபத்தில் பலகையைப் பிரித்துப் போட்டேன். பின்பக்கம் பச்சைத் துணி ஒட்டியிருந்ததை உரித்தால், உள்ளே தேக்கு இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யும், தூள் தூளாக உதிரும் எம்டிஎஃப் பலகை, மேலே மட்டும் தேக்குத் தோல். குழிகளில் இருந்தது பழைய ஸ்பீக்கர் பின்னால் வருமே, அந்தக் கருப்பு ஃபெரைட் காந்தக் கட்டி, மலிவு ரகம். ஹாட் குளூ நூல் நூலாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. காந்தத்துக்கும் கத்திக்கும் இடையில் மரம் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 5 மில்லிமீட்டர். முதுகுத் தடிமன் கேட்டானே, அதற்குத் தகுந்தாற்போல் நெருக்கி வைத்த லட்சணம் இது.

என்52 என்பதில் உள்ள 52, காந்தத்தில் அடங்கிய ஆற்றலின் அளவு. அதே அளவுகோலில் சாதாரண ஃபெரைட் 3, 4 என்றுதான் நிற்கும். அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொருளை வைத்துவிட்டு என்52 விலை வாங்கியிருக்கிறான். இன்னொன்று, நிஜமான என்52-ஆகவே இருந்தாலும் இந்த "பத்து கிலோ தாங்கும்" கணக்கு ஏமாற்றுதான். தடிமனான தட்டை இரும்பில் நேரடியாக ஒட்டி, நேராகப் பின்னால் இழுத்தால் வரும் கணக்கு அது. சுவரில் மாட்டிய கத்தி பின்னால் இழுக்காது, கீழே வழுக்கும். வழுக்கலைத் தாங்கும் பலம் அந்தப் பத்தில் ரெண்டு இருந்தால் அதிகம். அதிலும் நடுவில் மரம் ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும் பிடி மளமளவென்று இறங்கும். கத்தி அலகோ தட்டையாகவும் இருக்காது, விளிம்புப் பக்கம் மெலிந்துகொண்டே போகும், குக்ரி வளைவு வேறு. அவன் வீடியோவில் ஆட்டிக் காட்டிய பலகையில் நல்ல காந்தம் இருந்திருக்கும், மரத்தோலும் காகிதம் போல் இருந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. செத்துப்போன கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கைப் பிரித்து அதிலிருந்த காந்தத்தை அரிவாளில் வைத்துப் பார்த்தேன், அது நிஜ நியோடிமியம், பெருவிரல் அளவுதான் இருக்கும், சாய்த்துத்தான் பிய்க்க முடிந்தது. அவன் அனுப்பிய கட்டி ஒவ்வொன்றும் அதைப்போல மூன்று மடங்கு பெரிசு, சும்மா தட்டினால் விழுகிறது.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. இணையத்தில் விற்பவர்களுக்கு 2020-இல் வந்த விதியே இருக்கிறது: குறைதீர்ப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இவன் தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. நல்ல வேளையாக பணம் அனுப்பிய யூபிஐ ரசீதும், "என்52" என்று அவன் கைப்பட அடித்த மெசேஜும் என்னிடம் இருக்கின்றன. குக்ரியைச் சாணை பிடிக்கக் கொடுத்தால் முனையை இன்னும் தேய்த்துத்தான் சரி செய்வார்கள், பழைய உருவம் வராது. அதற்கு யாரிடம் நஷ்ட ஈடு கேட்பது? 6,800 ரூபாயே வரக் காணோம்.

எப்படி மாட்டுவது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் போடுகிறேன். பலகை வந்ததும் சுவரில் மாட்டும் முன் கையில் நிமிர்த்திப் பிடித்து, உங்களிடம் உள்ளதிலேயே கனமான கத்தியை ஒட்டி, பிடியை ஒரு விரலால் கீழே அழுத்துங்கள். வழுக்கினால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள், நாளைக்குச் செட் ஆகும் என்றால் நம்பாதீர்கள். டேப் வைத்து ஒட்டும் பலகை வேண்டவே வேண்டாம், டிஸ்டெம்பரோடு உரிந்து வரும், துளை போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூதான். அரிவாள் மாதிரி கனமானதற்குக் காந்தம் மட்டும் போதாது, கீழே தாங்க ஒரு மரக்கட்டை இருக்கட்டும். வைக்கும்போது முதலில் முதுகைப் பலகையில் படவிட்டு அப்புறம் அலகைச் சாய்க்க வேண்டும், எடுக்கும்போது விளிம்பைக் கிளப்பி முதுகுமேல் திருப்பி எடுக்க வேண்டும், சடக்கென்று இழுத்தால் விளிம்பும் போகும் விரலும் போகும். பித்தளைப் பாக்குவெட்டி ஒட்டாது, முயற்சி செய்ய வேண்டாம். உதிரி நியோடிமியம் வாங்கி நீங்களே செய்வதானால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ரெண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் கொண்டு போகக் கூடாது. கட்டிலுக்கு மேலே, சோபாவுக்கு மேலே, ஆள் நடக்கும் வழியில் மாட்டாதீர்கள்.

அப்புறம் பில் கேளுங்கள். பில்லில் காந்தத்தின் வகையும் மரத்தின் வகையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கத்திகள் நிறைந்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்து "நானும் சேர்க்கிறவன்தாண்ணே" என்று யாராவது வீடியோ காலில் வந்தால், அதே ஆளாகத்தான் இருக்கும். ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் மெசேஜ்களை அழிக்காமல் நீங்களும் 1915-இல் பதியுங்கள்.