ஓட்டுக் கூரைக்கு அடியில் ஃபோம் அடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

மதுரையில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில், வெயிலைத் தடுக்கும் என்று சொல்லி எங்கள் கூரைக்கு அடியில் ஃபோம் என்கிற நுரையை அடித்து ஏமாற்றிய அதே ஆட்கள் ஏணி போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லா வீட்டு வாசலிலும் போய் நிற்க முடியாதே.

எங்கள் வீடு தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. மாமனாரின் அப்பா கட்டியது. கீழே சுண்ணாம்புக் காரைச் சுவர், நடுவில் முற்றம். மாடியில் பனங்கை என்கிற பனைமரச் சட்டங்களுக்கு மேல் ரீப்பர் என்கிற மெல்லிய மரப்பட்டிகள் அடித்து சீமை ஓடு. சித்திரை, வைகாசியில் அந்த மாடியில் மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார முடியாது. பையன் ப்ளஸ் டூவுக்குப் போகும் வருஷம், அவனுக்குப் படிக்க இடம் வேண்டும். வீட்டுக்காரர் குவைத்தில். எல்லா முடிவும் என் தலையில்.

2024 ஏப்ரலில் வந்தார்கள். தெரிந்தவர் மூலமாகத்தான் வந்தார்கள், அதனால் நான் பெரிதாக விசாரிக்கவில்லை. பேச வந்த பையன் பையிலிருந்து கைப்பிடி அளவு மஞ்சள் ஃபோம் துண்டு ஒன்றை எடுத்தான். நல்ல கெட்டி. விரலால் தட்டினால் மரக்கட்டை மாதிரி சத்தம். "ஒரு டம்ளர் தண்ணி கொடுங்கக்கா" என்றான். கொடுத்தேன். மேலே ஊற்றினான். தாமரை இலையில் உருளுகிற மாதிரி தண்ணீர் உருண்டு தரையில் விழுந்தது. "பாத்தீங்களா? வெயிலும் இறங்காது, மழையும் இறங்காது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

அத்தை திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டை அடச்சுப்புட்டா, ஒழுகுற இடம் எப்படித் தாயி தெரியும்?" என்று கேட்டார். அந்தப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பிறகு தண்டம் கட்டினேன்.

640 சதுர அடி. சதுர அடிக்கு 145 ரூபாய். மொத்தம் 92,800. 3 அங்குல கனம் என்று பேச்சு. 50,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "அது போட்டா 18 பர்சன்ட் கூடும்க்கா, உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றான். எனக்காகவாம்.

வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. வாசலில் வண்டி, அதில் இரண்டு டிரம், நீளமான சூடேறும் ஹோஸ். ஒரு டிரம்மில் ஐசோசயனேட், இன்னொன்றில் ரெசின். இரண்டும் சரிபாதியாக, சரியான சூட்டில், துப்பாக்கி முனையில் கலந்து பீய்ச்ச வேண்டும். பட்ட இடத்தில் சில நொடியில் நுரை பொங்கும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. என் மகன் வீடியோ எடுத்தான். அந்த வீடியோதான் இப்போது எனக்கு ஒரு சாட்சி.

அடித்தவர்கள் கட்டியிருந்தது கொரோனா காலத்துத் துணி மாஸ்க். எங்களிடம், "கீழ இருந்தா போதும், மேல மட்டும் ஏறாதீங்க" என்றார்கள். முறைப்படி அடிப்பவர்கள் வெளிக்காற்று வரும் முகமூடி போட வேண்டும், வீட்டிலிருப்பவர்கள் குறைந்தது ஒரு நாளாவது வெளியே இருக்க வேண்டும், ஐசோசயனேட் ஆவி இளைப்பு நோயைக் கிளப்பிவிடும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அத்தைக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. அந்த வாரம் இரண்டு தடவை நெபுலைசர் வைத்தோம். இதனால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மாடியில் கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி ஒரு வாடை ஆடி மாதம் வரை போகவில்லை. கலவை சரியாகச் சேராவிட்டால் அப்படி வாடை நிற்கும்.

வெக்கை குறைந்ததா என்று கேட்பீர்கள். பகலில் குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஓட்டிலிருந்து தலையில் இறங்குகிற அனல் இல்லை. ஆனால் ராத்திரி வேறு கதை. முன்பெல்லாம் எட்டு மணிக்கு மேல் ஓட்டு இடுக்கு வழியாகச் சூடு வெளியே போய்விடும், ஓடும் சட்டென்று ஆறிவிடும். இப்போது இடுக்கெல்லாம் அடைபட்டு, பகல் முழுக்கச் சுவர் குடித்த சூடு உள்ளேயே சுற்றியது. ஏசி போட்டால்தான் தூங்க முடிந்தது. ஏசியே வேண்டாம் என்று சொல்லி விற்ற சரக்கு.

அந்த அக்டோபர் கடைசியில் பெய்த மழை மதுரைக்காரர்களுக்கு மறக்காது. செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம். எங்கள் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன், அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்டு மெசேஜ் கூட அனுப்பினேன். அதைப் பிறகு என் வக்கீலிடம் காட்டும்போது வெட்கமாக இருந்தது.

கார்த்திகைக்கு விளக்கு வைக்க மாடி ஏறியபோதுதான் பார்த்தேன். இரண்டு கூரையும் சேருகிற கூடல்வாயில் ஃபோம் வயிறு தள்ளினாற்போல் தொங்கியது. விரலை வைத்து அமுக்கினேன். மணிக்கட்டு வழியாக முழங்கை வரை செம்பழுப்புத் தண்ணீர் வழிந்தது. ஒரு துண்டைப் பிய்த்துப் பிழிந்தேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிழிந்த மாதிரி.

எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் ஆசாரி ஐயாவைக் கூப்பிட்டேன். எழுபது வயசு இருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் கத்தியால் ஃபோமை ஒரு முழம் வெட்டி எடுத்தார். உள்ளே ரீப்பர் கறுத்துப் போயிருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். வேகவைத்த சீனிக்கிழங்கில் இறங்குகிற மாதிரி நகம் இறங்கியது. பனங்கை வைரம் பாய்ந்தது, அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுவரில் அது உட்காருகிற முனையில் கரையான் மண் ஏறியிருந்தது.

"ஒழுகுற வீடு கெட்டுப் போகாது தாயி. ஒழுகினா சட்டி வைப்போம், மறுநாள் ஓட்டை மாத்துவோம், காத்துல மரம் காஞ்சுரும். இது தண்ணியக் குடிச்சு மரத்துக்கு ஊட்டிக்கிட்டுல்ல இருந்திருக்கு" என்றார்.

அத்தை கேட்டதும் இதைத்தான். ஓட்டுக்கூரை என்றால் எங்கேயாவது ஒரு ஓடு விரியும், குரங்கு, பூனை ஓடி நகரும். அதனால்தான் புரட்டாசியில் ஆள் ஏற்றி ஓடு மாற்றிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது நம் வழக்கம். ஃபோம் அடித்த பிறகு அந்த வேலையே முடியாது. ஓடும் ரீப்பரும் ஃபோமும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றை உருவினால் பக்கத்தில் நாலு உடைகிறது. அடியில் மரம் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வழி கிடையாது. இங்கிலாந்தில் பழைய வீட்டுக் கூரைகளில் இப்படி அடித்துவிட்டு, மரத்தைச் சோதிக்க முடியவில்லை என்று பல கடன் நிறுவனங்கள் அந்த வீடுகளுக்கு அடமானக் கடன் தர மறுக்கின்றன. வீட்டை விற்க முடியாமல் சுரண்டி எடுக்கக் காசு செலவழிக்கிறார்கள். அங்கே பட்டதை இங்கே கொண்டுவந்து புதுசு என்று விற்கிறார்கள்.

இனி, என்னை எப்படி ஏமாற்றினார்கள் என்பதற்கு வருகிறேன். இந்த ஃபோமில் இரண்டு ஜாதி. க்ளோஸ்டு செல் என்பது கெட்டி. ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும், தண்ணீர் குடிக்காது. ஓப்பன் செல் என்பது மெத்து. குமிழெல்லாம் உடைந்து ஒன்றுக்கொன்று வழி திறந்திருக்கும், தண்ணீர் புகுந்தால் தங்கும். முதல் ஜாதி ஒரு கன மீட்டர் 30 கிலோவுக்கு மேல் எடை. இரண்டாவது 8 கிலோ சுமார். எனக்குக் காட்டிய மஞ்சள் துண்டு க்ளோஸ்டு செல். கூரையில் அடித்தது ஓப்பன் செல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கூரைக்கு 3 அங்குலம் அடிக்க நாலரை கன மீட்டர் ஃபோம் வேண்டும். கெட்டி ஜாதி என்றால் 135 கிலோ சரக்கு. மெத்து ஜாதி என்றால் 36 கிலோவில் முடிந்தது. அந்த 3 அங்குலமாவது உண்டா? என் மகனின் பழைய சைக்கிள் வீல் கம்பியைக் குத்திக் குத்தி இருபது இடத்தில் அளந்தேன். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு. ஏணி எட்டாத முகட்டுப் பக்கம் ஓடே தெரிந்தது. ஓப்பன் செல் காற்றை நிறுத்த வேண்டுமென்றாலே மூன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

ஓப்பன் செல்லே மோசம் என்று நான் சொல்லவில்லை. குளிர் நாட்டில் மரச் சட்ட வீட்டுச் சுவருக்குள், வெளியே மழை நுழையாமல் தனித் தடுப்பு இருக்கும் இடத்தில், காற்றுக் கசிவை அடைக்க அது நல்ல பொருள்தான். சத்தத்தையும் குறைக்கும். நம் சீமை ஓட்டுக்கு நேர் அடியில் அதற்கு வேலை இல்லை. அதற்காகக் கெட்டி ஜாதியை அடித்திருந்தால் தப்பித்திருப்பேன் என்றும் இல்லை. அது இன்னும் பலமாக ஒட்டும், ஒழுகலை அதுவும் மறைக்கும்.

இன்னொன்று, கரண்ட். எங்கள் மாடியில் மரப்பட்டியில் ஓடுகிற பழைய ஒயரிங். அதன் மேலேயே அடித்து மூடிவிட்டார்கள். இந்த ஃபோம் தீப்பிடித்தால் கரும்புகையும் விஷவாயுவும் வரும். மேலே ஜிப்சம் போர்டு மாதிரி ஏதாவது போட்டு மூடாமல் விடவே கூடாது. ஓட்டில் ராக்கெட் வந்து விழாத தீபாவளி எங்கள் சந்தில் உண்டா? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

போன் பண்ணினேன். முதல் தடவை, "அது ஓட்டு வேலக்கா, எங்க வேலை ஃபோம் மட்டும்தான்." இரண்டாவது தடவை கேரன்டி கார்டைப் படிக்கச் சொன்னான். பத்து வருஷம் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்து ஆங்கிலத்தில், ஃபோம் உரிந்து விழுந்தால் மட்டும்தான் கேரன்டி, நீர்க்கசிவுக்கு இல்லை. மூன்றாவது தடவை என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

சுரண்டி எடுக்க இரண்டு ஆள், ஐந்து நாள். நாற்பது சிமென்ட் சாக்கு குப்பை. குப்பை வண்டிக்காரர் தொடவே இல்லை, தனியாக வண்டி பிடித்தேன். உடைந்த ஓடு, புது ரீப்பர், கரையான் மருந்து, கூலி எல்லாம் சேர்த்து 71,000. அடித்த காசோடு கூட்டினால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பையன் படித்தது கீழே பட்டாசாலையில், டிவியை அணைத்துவிட்டு.

இப்போது ஆசாரி ஐயா சொன்னபடி ஓடுகளை அப்படியே விட்டு, ஓரடிக்கு மேல் இடைவெளி கொடுத்துக் கீழே சிமென்ட் போர்டில் சீலிங் போட்டிருக்கிறோம். இரண்டு முக்கோணச் சுவரிலும் காற்று ஓடத் துளை வைத்த ஜாலி. கூடல்வாய்க்கு நேர் கீழே ஒரு பலகையை மட்டும் திருகு போடாமல் தூக்கி எடுக்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

யாராவது இதில் மாட்டியிருந்தால் தள்ளிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம்தான் கெடு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். சுரண்டுவதற்கு முன் படம் எடுங்கள். கம்பியால் குத்தி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். பில் இல்லாதது எனக்குப் பெரிய இடைஞ்சல். நல்லவேளையாக முன்பணத்தை ஜிபேயில் போட்டிருந்தேன், அதுதான் காப்பாற்றுகிறது.

வழக்கு நடக்கிறது. அன்றைக்கு அந்தப் பையன் மறந்துவிட்டுப் போன மஞ்சள் துண்டும், கூடல்வாயில் வெட்டி எடுத்த துண்டும் ஒரே பாலிதீன் பையில் பீரோவில் இருக்கின்றன. ஒன்று இன்னும் தட்டினால் சத்தம் வருகிறது. இன்னொன்றில் ஆசாரி ஐயாவின் கத்தித்தடமும், காய்ந்த கறையும். அடுத்த வாய்தாவுக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன், ஒரு டம்ளர் தண்ணீரோடு.