வேலையை விட்டுவிட்டு பிளாக்ஜாக்கா, வேலையோடு பிளாக்ஜாக்கா?

தக்கலையில் சித்தி வீட்டுத் திண்ணை. லாஸ் வேகாஸில் நர்ஸாக இருக்கும் தம்பி லீவுக்கு வந்திருந்தான். பிளாக்ஜாக் என்றால் 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தப் பார்க்கும் காசினோ சீட்டாட்டம். அதில் சீட்டு எண்ணும் வித்தையைக் காட்ட, சீட்டுக்கட்டைக் கலைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டல். பத்து, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழித்தல். 7, 8, 9-க்கு ஒன்றுமில்லை. கடைசிச் சீட்டில் கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்டத்தின் நடுவே இந்தக் கணக்கு ஏறினால் மீதியில் பெரிய சீட்டு அதிகம், அப்போது பந்தயத்தைக் கூட்டலாம்.

"அண்ணே, வேலைய விட்டுட்டு இதையே முழுநேரமா பாக்கலாம்னு இருக்கேன்."

திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. கேள்வி பணத்தில்தான். சேமிப்பு 10,000 டாலர். அவன் வைக்கும் பந்தயத்துக்கு மணிக்குச் சராசரி லாபம் 15 டாலர், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மேலும் கீழும் ஆடும் அளவு) 300 டாலர் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். 100 மணி நேரத்தில் லாபம் 1,500 வரவேண்டும், விலக்கமோ 3,000. ஒரு தப்பும் செய்யாமல் ஆடினாலும் நஷ்டத்தில் நிற்க ஏறக்குறைய 31 சதவீத வாய்ப்பு.

சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொள்ள, ஓய்வு நாளில் மட்டும் ஆடினால் அந்த 10,000 மொத்தமும் அழிகிற அபாயம் 4 சதவீதத்துக்கும் கீழே. வேலையை விட்டு மாதம் 100 மணி நேரம் ஆடி, செலவுக்கு 1,000 டாலர் எடுத்தால் மணிக்கு மிஞ்சுவது 5 டாலர். அபாயம் 33 சதவீதமாகிறது. அதே ஆட்டம், அதே மூளை! லாபம் 1,500 முழுவதையும் எடுத்தால் என்றைக்காவது முதல் காலியாவது நிச்சயம். வேகாஸில் 1,000 டாலரில் ஒரு மாதத்தை ஓட்டவும் முடியாது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ என்ற முதல் போகம் அறுத்ததும் அடுத்த போகமான கும்பப்பூவுக்கு விதைநெல்லைத் தனியாக எடுத்துவைத்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வேலையோடு மருத்துவக் காப்பீடும் போகும். வரியும் இடிக்கிறது. 2025-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி 2026 வரி ஆண்டிலிருந்து சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். வருஷத்தில் ஜெயித்தது 2,00,000, தோற்றது 1,85,000 என்றால் கையில் 15,000; வரிக்கணக்கிலோ 33,500. பகுதிநேரக்காரனுக்கும் இது உண்டுதான், ஆனால் அவனுக்குச் சம்பளம் இருக்கிறது.

மூன்றாவது வழி, குழுவாக ஆடுவது. நான்கு பேர் 10,000 வீதம் போட்டு, நால்வரும் 100 மணி நேரம் வீதம் ஆடினால் ஒரே மாதத்தில் 400 மணி நேரம். நஷ்ட வாய்ப்பு 16 சதவீதமாக இறங்கும். முதல் பெரிதென்பதால் பந்தயத்தையும் கூட்டலாம். கணக்குப்படி இதுவே சிறந்தது. ஆனால் நம்மூரில் ஏலச்சீட்டுப் பிடிப்பவரின் வீடும் ஆளும் நமக்குத் தெரியும். அங்கே, "இன்னைக்கு 2,000 தோத்துட்டேன்" என்று ஒருவன் சொன்னால் நம்புவதைத் தவிர வழியில்லை. அப்படி நம்பக்கூடிய மூன்று பேர் தம்பிக்கு இன்னும் அமையவில்லை.

ஊரோடு வந்துவிட்டால்? நாகர்கோவிலில் காந்திதாம் ரயில் ஏறினால் மட்கானில் இறங்கலாம், கோவாவில் காசினோ சட்டப்படி நடக்கிறது. ஆனால் சிப் வாங்கும் முழுப் பணத்துக்கும் 2023-இல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, 2025-இல் அது 40 ஆனது. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி, தோற்றதைக் கழிக்க வழியில்லை. சீட்டு எண்ணிக் கிடைக்கும் ஒரு சதவீதச் சாதகம் எந்த மூலைக்கு?

இன்னொன்றும் சொன்னேன். நெவாடாவில் எண்ணுபவரைக் காசினோ வெளியேற்றலாம். அட்லாண்டிக் சிட்டியில் 1982 தீர்ப்புக்குப் பிறகு அது முடியாது, ஆனாலும் எண்ணியது வீணாகும்படி சீக்கிரமே சீட்டைக் கலைப்பார்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வருவதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர்; அதற்கு 2 டாலர் பந்தயத்துக்கு 3 டாலர் (3-க்கு 2) தராமல், 5-க்கு 6 மட்டும், அதாவது 6-க்கு 5 தரும் மேஜையில் உட்காரவே கூடாது.

என் பேச்சு இதுதான்: வேலையில் இரு, ஒரு வருஷச் செலவைத் தனிக் கணக்கில் போடு, 400 மணி நேர ஆட்டத்தை நாள்வாரியாக எழுதிக் காட்டு, அப்புறம் பேசலாம். வரிக்கும் அந்தக் கணக்கு வேண்டும். வேகாஸுக்குக் கிளம்பும் முன் தக்கலைச் சந்திப்பில் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டான்.