செல்ஃபி காட்டினால் கல்யாண போட்டோ: எங்கள் ஸ்டுடியோவில் ஓட்டிப் பார்த்த ஆப்

கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுக்கிற தொழில் எனக்கு. ஒரு கல்யாணம் முடிந்தால் நாலாயிரம், ஐயாயிரம் படம் நிற்கும். அடுத்த வாரமே போன் வர ஆரம்பித்துவிடும். "தம்பி, நான் மாப்பிள்ளையோட சின்ன மாமா. மேடையில நின்னப்ப எடுத்தீங்களே, அதை அனுப்புங்க." சின்ன மாமா யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இந்த ஆப். மண்டப வாசலில் க்யூஆர் கோடு ஒட்டிவிடுகிறோம். விருந்தாளி ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுத்தால், அவர் இருக்கிற படமெல்லாம் அவர் போனுக்கே வந்துவிடும். இதே வேலையைச் செய்கிற ஆப் நாலைந்து இருப்பதால் பெயர் போடவில்லை. இந்த சீசனில் நாங்கள் ஓட்டியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சின்ன மாமா வகையறாவுக்கு இது அருமை. பந்தியில் பக்கவாட்டில் தெரிபவர், குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்பவர் என்று எல்லோரையும் எடுத்துக் கொடுக்கிறது. என்னைவிட, என்னிடம் வேலை செய்கிற பையன்களைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறது. அறியாத முகங்களைப் பொருத்திப் பார்ப்பதில் மனிதர்கள் ரொம்ப சுமார்தான். 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இரண்டு டச்சு பிரபலங்களின் படங்கள், ஆளுக்கு 20, மொத்தம் 40, கலைத்துக் கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத பிரிட்டன்காரர்கள் ஏழெட்டுக் குவியல் போட்டார்கள். அறிந்த நெதர்லாந்துக்காரர்களோ இரண்டு குவியலில் முடித்துவிட்டார்கள்.

கல்யாண வீட்டில் நான் அந்த பிரிட்டன்காரன். புதிய முகத்தை மூளை பெரும்பாலும் தலைமுடி, முகத்தின் வெளிவட்டம் இவற்றை வைத்தே பிடித்துக்கொள்கிறது. பழகப் பழகத்தான் கண், மூக்கு, வாய் இருக்கும் நடுப்பகுதி கைகொடுக்கும். எங்கள் நோட்டில் "வழுக்கை, பச்சைச் சட்டை", "சுருட்டை முடி அக்கா" என்றுதான் குறிப்பு இருக்கும். காலையில் பச்சைச் சட்டையில் வந்தவர் சாயங்காலம் கோட்டு போட்டு வந்தால் தீர்ந்தது கதை. ஆப் சட்டையைப் பார்ப்பதில்லை. இந்த வகை மென்பொருள் முகத்தை எண்களாக மாற்றி, இரண்டு முகத்தின் எண்கள் எவ்வளவு நெருக்கம் என்று கணக்குப் போடுகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முகம் அறியும் மென்பொருளில் ஒரு முகத்துக்கு 128 எண்கள்.

ஆனால் ஆள்வாரியாக ஃபோல்டர் பிரித்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்க இது ஆகாது. ஒரு கல்யாணத்தில் பெண்ணையே இரண்டு ஆளாக்கிவிட்டது. முகூர்த்தத்தில் நெற்றிச்சுட்டி, மோவாய் வரை மாலை, ஹோமப் புகைக்குச் சுருக்கிய கண். ரிசப்ஷனில் கனத்த மேக்கப், விரித்த முடி. இரண்டும் தனித்தனி ஃபோல்டர்! தங்கையின் படங்கள் பாதி அக்கா ஃபோல்டரில் கிடந்தன. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் சொதப்பல்.

படம் பொறுக்க வந்திருந்த பெண்ணின் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் படம் நகர்கிற வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போனார். "இது சின்னவ. இது பெரியவ. இதுவும் பெரியவதான், தூக்கம் வந்தா இப்படித்தான் உதட்டை மடிப்பா." பாதி முகம் தூணில் மறைந்திருந்த படத்திலும் தயங்கவில்லை. ஒரு முகம் கண்ணில் பட்டதும் சுமார் 170 மில்லிநொடியில் முகத்துக்கே உரிய மின்சமிக்ஞை மூளையில் எழுகிறது. மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம், முகங்களுக்குக் கூடுதலாக வேலை செய்யும் ஒரு பகுதியை மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷர் குழு 1997இல் விவரித்தது. அந்தப் பகுதி எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் அழுத முகம், ஜுரத்தில் படுத்த முகம், பரீட்சைக்குக் கண் விழித்த முகம் என்று அத்தை பார்த்ததை நானும் பார்க்கவில்லை, ஆப்பும் பார்க்கவில்லை. அதனிடம் இருப்பது ஒரு செல்ஃபி.

ஆப்பில் 'பியூட்டி' என்று ஒரு பட்டன் உண்டு. தயவுசெய்து தொடாதீர்கள், புருவத்தை மெலிதாக்கிவிடுகிறது. பிரபலங்களின் படங்களில் புருவத்தை அழித்தால், கண்ணை அழித்ததைவிட அடையாளம் காண்பது கஷ்டமாகிறது என்று ஆய்வாளர் பவன் சின்ஹா குழு 2003இலேயே காட்டியிருக்கிறது. ரீடச் செய்த ஆல்பத்தைப் பார்த்து "என் பொண்ணு மாதிரியே இல்லையே" என்று ஒரு அம்மா சொன்னால், நான் முதலில் பார்ப்பது புருவத்தைத்தான்.

பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செல்ஃபி என்று கேட்டாலும், கேலரியில் இருக்கும் படத்தையும் ஏற்றுக்கொள்கிறது. யாரோ ஒருவன் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப் டிபியை ஏற்றினாலே அவளுடைய படமெல்லாம் அவன் கைக்குப் போய்விடும். செட்டிங்கில் 'கேமரா மட்டும்' என்று மாற்றலாம், ஆனால் நாமாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். இதை ஏன் முதலிலேயே அப்படி வைக்கவில்லை என்று எனக்குக் கோபம்தான்.

விருந்தாளிகளுக்கு அனுப்ப நாலு ஸ்டார், ஆல்ப வேலைக்கு ஒன்றரை. கட்டணம் படக்கணக்கில் என்பதால் மங்கலானது, கண் மூடினது எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஏற்றுங்கள். பேக்கேஜ் பேசும்போதே இந்தக் காசையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், கல்யாணம் முடிந்து தனியாகக் கேட்டால் யாரும் தருவதில்லை.